அந்தக் கறுப்புக் காரை வாங்க முதல்

தம்பி,

இதை வாட்ஸ்அப்பில குரலாய்ப் பதிஞ்சு அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் நீ அதை ரெண்டு மடங்கு வேகத்தில போட்டு, பல் விளக்கிக்கொண்டு கேப்பாய். உன்ர அம்மா எலிக்குஞ்சு மாதிரிக் கீச்சுக் கீச்செண்டு கத்தி முடிப்பாள், நீயும் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிப்போட்டு வேலைக்குப் போயிடுவாய். அதுதான் பேனை பிடிச்சுத் தமிழில எழுதிறன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு எட்டு வருசம் பனிக்குள்ளால உன்னை இழுத்துக்கொண்டு போனதுக்கு, எழுத்துக் கூட்டியாவது இதை ஆறுதலா வாசி. அவசரப்பட்டு வாசிக்கிற விசயமில்லை. வாற சனிக்கிழமை நீ காசைக் குடுத்துக் காரை எடுக்க முதல் வாசிச்சு முடிச்சால் காணும்.

நீ அனுப்பின படங்களைப் பாத்தனான். பதினாலு படம். பதினாலையும் விரலால இழுத்து இழுத்துப் பெருப்பிச்சுப் பாத்தனான். சீற் மட்டும் ஆறு படம். ஸ்ரியறிங் மூண்டு. எஞ்சின் ஒரே ஒரு படம், அதுவும் குழந்தைப்பிள்ளையைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்ட மாதிரிப் பளபளவெண்டு இருக்கு. பன்ரெண்டு வருசம் பனிக்கு உப்புப் போடுற இந்த ஊர் றோட்டில ஓடின காருக்கு எஞ்சின் ஏன் இப்பிடி மினுங்குது? கழுவினவன் என்னத்தைக் கழுவினவன்? ஊத்தையையோ, எண்ணை ஒழுகின தடத்தையோ? காரின்ர கீழ்ப்பக்கத்தை ஒரு படத்திலயும் காணேல்லை. உப்புத் திண்டு துருப்பிடிக்கிற இடம் அங்கதான். டாஷ்போட்டில ஒரு எச்சரிக்கை லைற்றும் எரியேல்லை எண்டு சிவப்பு வட்டம் போட்டு அனுப்பினனீ. எஞ்சினை ஸ்ராட் பண்ணக்குள்ள எல்லா லைற்றும் ஒருக்கா எரிஞ்சுதானடா அணையவேணும். ஒண்டும் எரியேல்லையெண்டால் ஒண்டில் கார் நிப்பாட்டிக் கிடக்கு, இல்லாட்டி ஆரோ கைவைச்சிருக்கினம்.

சொந்தக்காரர் ஓய்வெடுத்த டொக்டராம், கோடையில மட்டும் ஓடினவராம். அந்த டொக்டரை நீ கண்ணால கண்டனியோ? வயசுபோன டொக்டர்மார் இவ்வளவு பேர் இந்த ஊரில கோடையில மட்டும் கார் ஓடினால், மற்ற மாசங்களில ஆஸ்பத்திரிக்கு எதில போனவையாம்? நல்ல காரை ஏன் சின்ன ஜப்பான் காரின்ர பாதி விலைக்கு விக்கிறான்? "விக்கிறவர் எங்கட ஆள்தான் அம்மா, யாழ்ப்பாணம்தான்" எண்டு சொன்னனீ. அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு உண்மையாப் பயம் பிடிச்சது. வேற ஆக்களெண்டால் கேள்வி கேப்பம். எங்கட ஆளெண்டால் வாயை மூடிக்கொண்டு தேத்தண்ணி குடிப்பம்.

உன்னிலயும் எனக்குச் சந்தேகம் இருக்கு, சொல்லிப்போடுறன். நேற்று வரைக்கும் உன்ர சின்னக் கார் உனக்குக் காணும். கலியாணம் ஆனி மாசத்தில எண்டு நாள் குறிச்ச பிறகுதான் இந்தப் பெரிய கறுப்புக் கார் உன்ர கண்ணில படுது. பொம்பிளையை உன்ர சொந்தக் காரில கூட்டிக்கொண்டு போகவேணும் எண்டு ஆசை, விளங்குது. ஆருக்குக் காட்ட? சம்பந்தி வீட்டில ஆரும் ஏதும் சொன்னவையோ? நீ இல்லையெண்டுதான் சொல்லுவாய். நானும் ஒரு காலத்தில இல்லையெண்டுதான் சொன்னனான்.

ஆனா நான் இதை எழுதிறது காருக்காக மட்டுமில்லை. போன ஞாயிற்றுக்கிழமை எங்கட மேசையில நடந்ததுக்காக. சம்பந்தி ஆக்கள் முதல்முதல் சாப்பிட வந்திருக்கினம். நீ உந்தக் கார்க் கதையை எடுத்தனீ. அப்பா இடியப்பத் தட்டைக் கையில வைச்சுக்கொண்டு, "வாங்க முதல் நானும் ஒருக்கா வந்து பாக்கட்டோ தம்பி?" எண்டு கேட்டவர். நீ சிரிச்சுப்போட்டு, "ஐயோ அப்பா, நீங்கள் எஞ்சின் லைற்றுக்குப் பொட்டு ஒட்டின ஆள், நீங்கள் வந்து என்னத்தைப் பாக்கப்போறியள்?" எண்டு, அந்தப் பழைய பகிடியை முழுசா எடுத்துவிட்டனீ. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சினம். உன்ர பொம்பிளை கண்ணைத் துடைச்சுத் துடைச்சுச் சிரிச்சுது. அப்பாவும் சிரிச்சுக்கொண்டு சம்பந்திக்குச் சொதி விட்டவர். விடக்குள்ள கரண்டி தவறிச் சொதி மேசை விரிப்பில ஊத்துப்பட்டதை நீ காணேல்லை. நான் கண்டனான்.

அந்தப் பொட்டை ஒட்டினது அப்பா இல்லை, தம்பி. நான்.

இப்ப முழுக்கதையையும் கேள். உனக்குப் பத்து வயசு. நாங்கள் பார்க் எக்ஸ்டென்ஷனில மூண்டாம் மாடியில இருந்த காலம். நான் சென்ட் லோரன்டில மருந்துப் போத்தில் அடைக்கிற பக்டரியில எட்டு மணித்தியாலம் நிண்டு வேலை செய்துபோட்டு, ரெண்டு பஸ் மாறி வீட்டுக்கு வருவன். அப்பா பாண் பேக்கரிக்கு லொறி ஓடினவர். அந்த நேரம் எங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தர், கோயிலில எங்களோட சேர்ந்து அன்னதானத்துக்குக் கறி வெட்டுற ஆள், ஒரு பழைய அமெரிக்கன் சொகுசுக் காரை விக்கப்போறன் எண்டார். கறுப்புத்தான் அதுவும். பாக்கப் போனம். நான் கதவைத் திறந்து உள்ளுக்க ஏறி இருந்தன். சிவனே, அது சீற்றே! சோபா. அவர் ஒரு பட்டனை அமத்தினார், முதுகுக்கும் கீழுக்கும் மெல்லமாச் சூடு ஏறிச்சு. கதவைச் சாத்தினதும் வெளியில இருந்த சத்தமெல்லாம் எங்க போனதெண்டு தெரியேல்லை. கனடாவுக்கு வந்து அவ்வளவு காலத்தில நான் காலை நீட்டி இருந்த முதல் இடம் அதுதான். எனக்கு அழுகை வந்திட்டுது. உனக்கு உந்த ஆசை எங்கயிருந்து வந்ததெண்டு நான் வேற ஆரிட்டயும் கேக்கத் தேவையில்லை.

அப்பா ஏறி இருக்கேல்லை. அவர் பின்னால போய்ப் புகைக்குழாயடியில குந்தி, புகையை உள்ளங்கையில பிடிச்சு மணந்து பாத்தவர். பிறகு என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய், "புகை வெள்ளையா வருது, இனிப்பு மணம் அடிக்குது. எஞ்சின் தண்ணி குடிக்குது. இது வேண்டாமப்பா" எண்டார். ஒரு கராஜில தூக்கிப் பாத்திட்டுத்தான் முடிவெடுப்பம் எண்டும் சொன்னவர். நான் விட்டனே? "கோயில்ல ஒண்டா நிண்டு கறி வெட்டுற மனிசனை நம்பாமல் கராஜுக்குக் கொண்டுபோனால் அவர் எங்களைப் பற்றி என்ன நினைப்பார்? நாளைக்கு எந்த முகத்தோட அவருக்குப் பக்கத்தில நிக்கிறது?" எண்டு கேட்டன். அப்பா காசை எண்ணிக் குடுத்தார். எங்கட சனம் அகப்படுற பொறி இதுதான் தம்பி. காருக்குள்ள என்ன பழுதிருக்கெண்டு பாக்கக் கூச்சப்படுவம், பாத்தால் மற்றவரை அவமதிச்சதாப் போயிடுமாம். அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் வாசலில எலுமிச்சம்பழத்தை நசிச்சுப் பூசையும் செய்தாச்சு. பூசை செய்த காரை இனித் திருப்பிக் குடுக்கிறதெண்ட கதையே இல்லை.

ஒரு மாசம் நான் மகாராணிதான். அப்பா பக்டரி வாசலில காரோட நிப்பார், கூட வேலை செய்யிற பெட்டையள் பாக்கப் பாக்க ஏறிப் போவன். ஜான் தலோன் றோட்டில மரக்கறிக் கடைக்கு முன்னால, தேவையில்லாட்டியும் ஒருக்கா நிப்பாட்டச் சொல்லுவன். எடுப்புத்தான், வேறென்ன. பிறகு ஒவ்வொண்டாத் தொடங்கிச்சு. விடிய எழும்பி யன்னலால பாத்தால் காரின்ர பின்பக்கம் நிலத்தோட குந்திக்கொண்டிருக்கும். காத்தில நிக்கிற சஸ்பென்ஷனாம், காத்துப் போனால் அப்பிடித்தானாம். றோட்டில நிக்கிற காரை எடுக்கச் சொல்லிப் பனி அள்ளுற வண்டி சங்கு ஊதிக்கொண்டு வரும், எங்கட கார் எழும்பாது. அப்பா கிழமைக்கு ரெண்டு தரம் தண்ணி விடுவார். பிறகு ஒவ்வொரு நாளும். கராஜ்க்காரன் எஞ்சினைக் கழட்டவேணும், அதுக்குக் காரின்ர விலையைவிடக் கூடப்போகும் எண்டிட்டான். மஞ்சள் எஞ்சின் லைற் எரியத் தொடங்கினது அணையவே இல்லை. இந்தக் கார்கள் வாங்கத்தான் மலிவு தம்பி. பழுதானால் அதுக்குப் புதுக்காரின்ர செலவு.

அந்த நேரம்தான் உன்ர மாமியின்ர மகள் சுகிக்குக் கலியாணம், தை மாசத்தில. மாமி அப்பாவுக்கு ஒரே தங்கச்சி. ரொக்ஸ்பரோவில தனி வீடு, பின்வளவு, எல்லாம் இருந்தது அவைக்கு. நாங்கள் மூண்டாம் மாடி. மாமிதான் கேட்டவ, "அண்ணை, உங்கட பெரிய காரில சுகியைக் கூட்டிக்கொண்டு வாருங்கோவன்" எண்டு. நீ நினைச்சுப்பார், எனக்கு எப்பிடி இருந்திருக்கும்! அப்பா வீட்டை வந்து, "கார் சரியில்லை, தங்கச்சியிட்ட உள்ளதைச் சொல்லுவம், வாடகைக்கு ஒண்டு எடுக்கட்டும்" எண்டார். நான் ஒற்றைக்காலில நிண்டன். "வாய்விட்டுக் கேட்டவையிட்ட ஓட்டைக் கார் எண்டு சொல்லப்போறியளோ? வெக்கக்கேடு. ஒரு அரை மணித்தியாலம் ஓடாதோ?" எண்டு கத்தினன். அப்பா வாளியில தண்ணி எடுத்துக்கொண்டு கீழ இறங்கிப் போனார்.

கலியாணத்தண்டு விடிய, அப்பா வேட்டி கட்டிக்கொண்டு நிக்க, காருக்குப் பூமாலை கட்டுறன் எண்டு நான் முன்னுக்கு இறங்கிப் போனன். ஸ்ராட் பண்ணிப் பாத்தால் அந்த மஞ்சள் லைற் முழிச்சுப் பாத்துக்கொண்டு நிக்குது. முன் சீற்றில உன்ர மாமா, சுகியின்ர அப்பா ஏறப்போறார், அவற்ர கண்ணில முதல் படுறது அதுதான். கைப்பைக்குள்ள பொட்டுப் பெட்டி இருந்தது. நல்ல பெரிய, கடும் சிவப்புப் பொட்டு ஒண்டை உரிச்சு லைற்றுக்கு மேல ஒட்டினன். அளவெடுத்துச் செய்த மாதிரி மூடிச்சுது. அப்பா வந்து இருந்தார், அதைக் கண்டார், கண்ணாடிக்குள்ளால என்னைப் பாத்தார். நான் பின் சீற்றில இருந்து யன்னலுக்கு வெளியில பாத்தன். அவர் காரை எடுத்தார். அது அவற்ர பிழை, அதை நான் மறைக்கேல்லை. ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். என்னோட மல்லுக்கட்ட அவருக்குத் தெம்பில்லை, அதை எனக்கு நல்லாத் தெரியும், தெரிஞ்சுதான் நான் அப்பிடி நடந்தனான்.

நீ மற்றப் பிள்ளையளோட வான் ஒண்டில முன்னுக்குப் போயிட்டாய். நாங்கள் சுகியையும் மாமாவையும் ஏத்திக்கொண்டு பெரிய றோட்டில ஏறி, சென்ட் லோரன்டைத் தாண்ட முதல் ஹூட்டுக்குள்ளால புட்டு அவிக்கிற மாதிரிப் புகை வந்தது. வெளியில மூக்கு மயிர் உறையிற குளிர், உள்ளுக்க எஞ்சின் கொதிச்சு நிண்டிட்டுது. லொறியள் பக்கத்தால உரசிக்கொண்டு போகுது. சுகி நகை எல்லாம் போட்டுக்கொண்டு எனக்குப் பக்கத்தில இருந்து, "மாமி, முகூர்த்தம் போகுது, மாமி" எண்டு என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு அழுகுது. அந்தக் கை இப்பவும் என்ர கையில இருக்கிற மாதிரித்தான் இருக்கு. முன்னுக்குப் போன சனம் எல்லாம் மண்டபத்தில, போனை ஒருத்தரும் எடுக்கினமில்லை. கடைசியில ஒரு மளிகைக் கடைப் பொடியன் அரிசி மூட்டை ஏத்துற வானோட வந்து, பிள்ளையை அதில ஏத்திக் கொண்டுபோய்ச் சேர்த்தான். சேரக்குள்ள முகூர்த்தம் முடிஞ்சு கன நேரம். ஐயர் ஏதோ சொல்லிச் சமாளிச்சுத் தாலி கட்டுவிச்சார்.

அந்த வான் வர முதலே கார் இழுக்கிற லொறிக்காரன் வந்து திறப்பைப் போட்டுப் பாத்திட்டு, பொட்டை நகத்தால உரிச்சு, "மதாம், சே குவா சா?" எண்டு, இதென்னெண்டு கேட்டுச் சிரிச்சான். கீழ மஞ்சள் லைற். மாமா பக்கத்தில நிண்டவர். "ஆர் ஒட்டினது?" எண்டு கேட்டார். நான் பொட்டுப் பெட்டி கிடந்த கைப்பையை முதுகுக்குப் பின்னால எடுத்தன் தம்பி. அப்பா சொன்னார், "நான்தான். கண்ணைக் குத்திச்சுது, அதுதான் ஒட்டினனான்." அவ்வளவுதான். ஒரு ஆம்பிளையிட்ட ஸ்ரிக்கர் பொட்டு எங்கால வந்ததெண்டு இண்டைக்கு வரைக்கும் ஒருத்தரும் கேக்கேல்லை. எல்லாத்தையும் சந்தேகப்படுற எங்கட சனத்துக்கு அந்த ஒரு சந்தேகம் மட்டும் வரேல்லை. நானும் வரவிடேல்லை.

ரெண்டு வருசத்தில சுகியும் அந்தப் பெடியனும் பிரிஞ்சினம். ஏன் பிரிஞ்சினமெண்டு அவைக்குத்தான் தெரியும். ஆனா சனம் என்ன சொல்லிச்சு? "நேரம் தப்பிக் கட்டின தாலி" எண்டிச்சு. மாமி அப்பாவோட கதைக்கிறதை விட்டா. கோயில்ல கண்டாலும் சாமியைப் பாக்கிற மாதிரித் திரும்பிடுவா. பதினேழு வருசம். பொட்டுக்கதை மற்றவைக்குப் பகிடியாப் போச்சு, உனக்கும்தான். ஒவ்வொரு தரமும் அப்பா சிரிச்சவர். நானும் கூட இருந்து சிரிச்சனான். கார் பாத்து வாங்கத் தெரியாத மனிசன் எண்டு நீ உன்ர அப்பாவைப் பற்றி நினைச்சுக்கொண்டு வளந்தாய். மோப்பம் பிடிச்ச நிமிசத்திலயே வேண்டாமெண்டு சொன்ன மனிசன் அவர். கேக்காத கழுதை நான்.

ஆனபடியால் சனிக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு போ. ராத்திரி முழுக்க நிண்டு குளிர்ந்த எஞ்சினை உங்களுக்கு முன்னால ஸ்ராட் பண்ணச் சொல்லு. போகக்குள்ளயே சூடாயிருந்தால் விக்கிறவன் எதையோ ஒளிக்கிறான். கராஜில தூக்கிப் பாக்கவேணுமெண்டு முகத்துக்கு நேர கேள். முகம் சுழிச்சால் சுழிக்கட்டும், நாசமாப் போவான், அவனோட நீ ஒண்டும் சம்பந்தம் செய்யப்போறதில்லை. அப்பா குந்தி மணந்து பாக்கக்குள்ள நீ வெக்கப்பட்டுத் தள்ளிப்போய் நிக்காதை. அவர் சரியெண்டால் வாங்கு, சூடான சீற்றில நானும் ஒருநாள் ஏறி இருப்பன், ஆசை விட்டுப்போகேல்லை. வேண்டாமெண்டு சொன்னால் எவ்வளவு வடிவா இருந்தாலும் விட்டிட்டு வா. என்னை மாதிரி நிண்டு வாதாடாதை.

முந்தநாள் நான் தனிய பஸ் எடுத்து ரொக்ஸ்பரோவுக்குப் போனனான். அப்பாவுக்குத் தெரியாது. மாமி கதவைத் திறந்திட்டு, நடையிலயே என்னை நிப்பாட்டி வைச்சுக்கொண்டு நிண்டா. நான் சப்பாத்தும் கழட்டாமல் எல்லாத்தையும் சொன்னன். "ஒட்டினது நான், மச்சாள். உங்கட அண்ணை எனக்காகப் பழியைத் தலையில போட்டவர்" எண்டன். பிறகு, "அண்ணைக்கு லைற் எரியிறது தெரியுமோ?" எண்டு கேட்டா. பொய் சொல்லேலாது. "ஓம், தெரியும்" எண்டன். "அப்ப அண்ணைக்கு என்ர பிள்ளையைவிட உன்ர வாய்தான் பெரிசாப் போச்சு" எண்டா. நான் தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டன். ஒரு வாய் தண்ணி கேக்கிறதுக்கும் எனக்கு உரிமை இருந்ததெண்டு நினைக்கேல்லை.

திரும்பி இறங்கக்குள்ள கூப்பிட்டா. "தம்பிக்குக் கலியாணமாம்?" ஓமெண்டன். "கலியாணக் காட் குடுக்க அண்ணையை வரச்சொல்லு" எண்டா. புருசன் பெஞ்சாதி சேர்ந்து வீட்டுக்கு வீடு போய்க் காட் குடுக்கிறதுதானே எங்கட முறை, ரெண்டு பேரும் வாறம் எண்டு நான் சந்தோசத்தில வாயெடுக்க முதல், "அண்ணை மட்டும்" எண்டு சொல்லிப்போட்டுக் கதவைச் சாத்திட்டா.

சனிக்கிழமை கார் பாத்ததுக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை, அப்பாவை நீதான் கூட்டிக்கொண்டு போகவேணும். எந்தக் காரில எண்டாலும் பரவாயில்லை. கலியாணக் காட்டில என்ர பேரும் அச்சடிச்சுக் கிடக்கு, மாமி அதைக் கிழிக்காமல் வாங்கினால் காணும். நீங்கள் திரும்பி வருமட்டும் நான் வீட்டில இருப்பன்.

அம்மா